கேட்கப்படாத கடன்

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பங்கில் குடும்பக் கணக்கெடுப்பு நடைபெற்றது. ஒவ்வோர் அன்பியத்திலும் இருவர் இருவராக வீடு வீடாகச் சென்று, குடும்பத்தில் எத்தனை பேர், என்ன தொழில், மாத வருமானம் எவ்வளவு, கடன் உண்டா என்று கேட்டு எழுதி வர வேண்டும். எந்தெந்தக் குடும்பங்களுக்கு உதவி தேவை என்பதைப் பங்குப் பேரவை அந்த விவரங்களைக் கொண்டு முடிவு செய்யும். பள்ளி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என் கையிலும் ஒரு கட்டுப் படிவங்கள் தரப்பட்டன.

எங்கள் ஊர் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் உள்ளது. கடலுக்கும் தென்னந்தோப்புக்கும் இடையே நெருக்கியடித்து நிற்கும் வீடுகள். நான் சென்ற வீடுகளுள் ஒன்று, எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவருடையது. கட்டுமரக் காலத்தில் கரையில் பெயர் பெற்ற கடலோடி அவர். இன்று அவருடைய இரு புதல்வர்களும் ஃபைபர் படகில் தொழில் செய்கிறார்கள். வருமானக் கட்டத்தை நிரப்புவதற்காக நான் கேட்டபோது பெரியவர் சிரித்தார். “எந்த நாளு வருமானத்த எழுதப் போற மக்கா? நேத்து உள்ளதா, முந்தாநாள் உள்ளதா?” என்றார். மீன்பாடு நன்றாக இருந்த நாள்களையும் வெறுங்கையுடன் கரையேறிய நாள்களையும் கூட்டிப் பார்த்து, இருவருமாக ஒரு தொகையை ஊகித்து எழுதினோம். அடுத்த கட்டம் கடன். “கடனா? ஒருத்தனுக்கும் ஒரு பைசா குடுக்க வேண்டியது இல்ல” என்று அவர் உறுதியாகச் சொன்னார்.

என் பேனா நின்றுவிட்டது. அவருடைய மக்களின் படகுக்கும் எஞ்சினுக்குமாகக் கொடுக்கப்பட்ட 1,20,000 ரூபாய் முன்பணம், மூத்த மகனின் பெயரில் ஒரு பேரேட்டில் எழுதப்பட்டிருப்பதை நான் அறிவேன். அந்தப் பேரேடு என் தமையனாருடையது. அவர் கரையில் மீன் ஏலம் நடத்தும் வியாபாரி. எங்கள் தந்தையும் அதே தொழிலைச் செய்தவர். நான் ஆசிரியப் பயிற்சி முடித்ததும் அந்தக் கமிஷன் பணத்தில்தான்.

பெரியவர் பொய் சொல்லவில்லை. யாரும் திருப்பிக் கேட்காத பணத்தை அவர் கடன் என்று எண்ணவில்லை, அவ்வளவே. அந்தக் கட்டத்தில் எதையும் எழுதாமல் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். திருப்பிக் கேட்கப்படாத கடன் இரக்கமா, விலங்கா என்னும் கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை. அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று பலமுறை தயங்கினேன். அந்தப் பணத்தில் படித்தவன் எழுதாமல் வேறு யார் எழுதுவது என்று எண்ணியே இப்போது எழுதத் துணிகிறேன்.

வறுமையை அளக்கும் கோல்

நம் நாட்டில் வறுமையை அளக்கப் பல அறிஞர் குழுக்கள் முயன்றுள்ளன. டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12-ஆம் ஆண்டுக்கு வகுக்கப்பட்ட கோட்டின்படி, கிராமத்தில் ஒருவர் மாதம் ஒன்றுக்கு 816 ரூபாய்க்கும், நகரத்தில் 1,000 ரூபாய்க்கும் குறைவாகச் செலவிடும் நிலையில் இருந்தால் அவர் வறியவர். 2014-இல் ரங்கராஜன் குழு அதே ஆண்டுக்கான கோட்டைக் கிராமத்துக்கு 972 ரூபாயாகவும் நகரத்துக்கு 1,407 ரூபாயாகவும் உயர்த்திக் காட்டியது. இத்தகைய கணக்குகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பசித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணத் தெரியாத அரசு அவர்களுக்குச் சோறு போடவும் அறியாது.

ஆயினும் இந்தக் கோலால் அளந்தால் பெரியவரின் வீடு வறுமை வீடன்று. கான்கிரீட் கூரை இருக்கிறது. பேத்தி செவிலியர் படிப்புப் படிக்கிறாள். மீன்பாடு உள்ள மாதங்களில் அவ்வீட்டுக்கு வரும் பணம், ஊரில் மாதச் சம்பளம் வாங்கும் சிலருடைய வருமானத்தைவிட அதிகம். ஆனால் அந்த வீட்டு ஆண்கள் தாம் பிடித்த மீனுக்கு விலை சொல்ல முடியாது. எவரிடம் விற்பது, எந்தக் கரையில் விற்பது என்று அவர்கள் முடிவு செய்ய முடியாது. அந்த உரிமை என் தமையனாரிடம் இருக்கிறது.

அதே தெருவில் இன்னொரு வீடு உண்டு. சிறிய வள்ளம், குறைந்த வருமானம், ஓட்டுக்கூரை. அந்த வீட்டுக்காரர் மீனவர் சங்கத்தில் உறுப்பினர். தம் மீனைச் சங்கத்தின் ஏலத்தில் விற்று, கணக்குச் சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இவ்விரு வீடுகளில் எது ஏழை வீடு? எங்கள் படிவம் ஓட்டுக்கூரை வீட்டைத்தான் காட்டியது. அது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பாதி உண்மை. வருமானம் என்பது எவ்வளவு வருகிறது என்பதைச் சொல்லும். யாருடைய அனுமதியுடன் வருகிறது என்பதைச் சொல்லாது.

கரையின் கணக்கு

கடற்கரையில் வாழாத வாசகர்களுக்காக இந்த முறையைச் சற்று விளக்க வேண்டும். படகு வாங்கவோ, எஞ்சின் மாற்றவோ, வலை எடுக்கவோ பெருந்தொகை தேவைப்படும் மீனவர் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். அதற்கு வட்டி கிடையாது. தவணை கிடையாது. பத்திரம் எழுதுவதும் பெரும்பாலும் கிடையாது. ஒரே நிபந்தனை: அந்தப் படகில் வரும் மீனை அந்த வியாபாரியே ஏலம் விடுவார், விற்ற தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று கமிஷன் எடுத்துக்கொள்வார். முன்பணத்தை முழுவதுமாகத் திருப்பித் தந்தாலன்றி இந்த நிபந்தனை தீராது. வேறொரு வியாபாரியிடம் போக விரும்பினால், அந்தப் புதியவர் பழைய முன்பணத்தைக் கட்டி மீனவரைத் தம் பக்கம் எடுத்துக்கொள்வார். பேரேடு மாறும், நிலை மாறாது.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு படகு ஆண்டுக்கு 200 நாள் கடலுக்குச் செல்கிறது என்றும், நாளொன்றுக்குச் சராசரியாக 4,000 ரூபாய்க்கு மீன் விற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 8,00,000 ரூபாய். கமிஷன் நூற்றுக்கு 5 என்றால் ஆண்டுக்கு 40,000 ரூபாய். முன்பணம் 1,20,000 ரூபாய் என்றால், மூன்றே ஆண்டுகளில் அதற்குச் சமமான தொகை கமிஷனாகப் போய்விடுகிறது. நான்காம் ஆண்டின் தொடக்கத்திலும் பேரேட்டில் 1,20,000 ரூபாய் அப்படியே நிற்கும். கமிஷனில் ஒரு பகுதி ஏலம் கூறும் உழைப்புக்கான கூலி என்று கழித்துப் பார்த்தாலும், எஞ்சுவது சிறு தொகையன்று.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. கமிஷன் முதலில் கழிக்கப்படுகிறது. பிறகு எரிபொருள் முதலிய செலவுகள் போக மிஞ்சுவதுதான் படகுக்கும் வலைக்கும் ஆள்களுக்கும் எனப் பங்கிடப்படுகிறது. ஆகவே முன்பணத்தில் ஒரு காசும் பெறாத கூலிப் பங்காளியும் அதன் சுமையைச் சுமக்கிறான். கடன் வாங்கியவன் ஒருவன். நாள்தோறும் கட்டுகிறவர்கள் படகில் ஏறிய அனைவரும். அந்தப் பங்காளியின் வீட்டுக்கும் நான் கணக்கெடுக்கச் சென்றேன். அவரும் கடன் இல்லை என்றே சொன்னார்.

வட்டியில்லாத வட்டி

எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் தலைச்சுமையாக மீன் விற்கச் செல்பவர்கள். காலையில் மீன் எடுக்க அவர்களுக்குக் கையில் ரொக்கம் வேண்டும். அதற்கென்றே கடன் கொடுப்போர் உண்டு. நூறு ரூபாய்க்கு முன்னதாகவே பத்து ரூபாயைப் பிடித்துக்கொண்டு தருவார்கள். அது கொடுமை என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. கந்துவட்டிக்காரனுக்கு ஊரில் நல்ல பெயர் இல்லை. அவன் வீட்டு விசேடங்களுக்குப் போகிறவர்களும் மனத்துக்குள் அவனைச் சபிப்பார்கள்.

என் தந்தையை யாரும் சபித்ததில்லை. அவர் இறந்தபோது கரை முழுவதும் திரண்டு வந்தது. கடல் இறங்க முடியாத நாள்களில் அவர் அரிசி கொடுத்தார். பிரசவத்துக்குப் பணம் கொடுத்தார். அடக்கச் செலவுக்குப் பணம் கொடுத்தார். ஒருவரையும் வாசலில் நின்று கேட்டதில்லை. வட்டி வாங்குவதைப் பாவம் என்றே கருதினார். அவரைக் கொடியவர் என்று எழுத என் கை வராது. அது உண்மையும் அன்று.

ஆனால் வட்டி என்றால் என்ன? 1745-இல் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் வட்டியைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், கடன் கொடுத்தவர் அந்தக் கடனையே காரணமாகக் கொண்டு கொடுத்ததற்கு மேல் பெறும் ஆதாயம் எதுவும் நேர்மையற்றது என்னும் கருத்தை வலியுறுத்தினார். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றுதான். அப்படியானால், முன்பணம் கொடுத்ததனால் மட்டுமே கிடைக்கும் ஏல உரிமையும், அந்த உரிமையால் மட்டுமே வரும் கமிஷனும் என்ன? வட்டி என்று பெயரிடப்படாத வட்டி என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டுச் சட்டம் இதை இன்னும் கூர்மையாகப் பார்த்திருக்கிறது. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமை முறையை வரையறுக்கும்போது, கூலியில்லாமல் உழைக்கக் கட்டுண்டவரை மட்டும் குறிப்பிடவில்லை. முன்பணத்துக்கு ஈடாகத் தன் உழைப்பின் பயனைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழப்பதையும் அதன் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. கரையில் நடப்பதை நீதிமன்றம் எவ்வாறு பார்க்கும் என்பது என் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது. சட்டத்தை எழுதியவர்கள், தன் பொருளுக்கு விலை சொல்லும் உரிமையை மனிதனின் விடுதலையோடு சேர்த்து எண்ணினார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தமையனாரின் நியாயம்

இவற்றையெல்லாம் ஒருநாள் என் தமையனாரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பேரேட்டை என் முன் வைத்தார். “நான் யார் வீட்டுக்காவது போய் என்கிட்ட பணம் வாங்குன்னு சொன்னேனா? எல்லாரும் தேடி வந்து வாங்கினவங்கதான்” என்றார். பிறகு பேரேட்டில் சில பெயர்களைக் காட்டினார். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது படகிழந்தவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் கடலில் இருந்தவர்கள். சிலர் திரும்பி வரவேயில்லை. அவர்களுடைய முன்பணத்தை அவர் அந்த வீடுகளில் கேட்கவும் இல்லை, கேட்கப்போவதும் இல்லை. எந்த வங்கி இப்படிக் கொடுக்கும் என்று கேட்டார். இறுதியில் இன்னொரு நோட்டையும் எடுத்துக் காட்டினார். அதில் கடன்பட்டவர் அவர். கொடுத்தவர் ஏற்றுமதிக்கு மீன் வாங்கும் பெரிய வியாபாரி. அவர் சொல்லும் விலைக்கே இவர் கொடுக்க வேண்டும். கரையில் மீனவன் எப்படிக் கட்டுண்டிருக்கிறானோ, அப்படியே என் தமையனாரும் கட்டுண்டிருந்தார்.

அவருடைய வாதத்தில் வலிமை உண்டு. ஆனால் விரும்பி வந்தவர்கள் என்னும் ஒரு சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடல் கூலியைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லைத்தான் சோதித்தது. முதலாளியும் தொழிலாளியும் மனமொப்பிச் செய்த உடன்பாடு என்பதாலேயே அது நியாயமாகிவிடாது; தேவையாலும் அதைவிடப் பெரிய கேட்டுக்கு அஞ்சியும் ஒருவன் கடுமையான நிபந்தனைக்குத் தலையாட்டினால், அவன் அநீதிக்கு உள்ளாகிறான் என்பது அதன் சாரம். மழை பெய்யும்போது ஒரே ஒரு திண்ணை மட்டும் திறந்திருந்தால், அங்கே ஒதுங்கியவனைத் தானாக வந்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவன் வேறெங்கும் போக முடியாமல் வந்தான் என்பது திண்ணைக்காரனுக்கும் தெரியும்.

பெரியவர் மறுத்தது

ஓய்வு பெற்றபோது எனக்குக் கிடைத்த தொகையில் ஒரு பகுதி வங்கியில் இருந்தது. அதிலிருந்து அந்த 1,20,000 ரூபாயைத் தமையனாரிடம் கட்டிவிட்டு, பெரியவரின் மக்களை விடுவித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். என் படிப்புக்கு நான் செலுத்தும் காணிக்கை அது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்த எண்ணம் எனக்குள் சிறிது பெருமையையும் ஊட்டியது.

பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “வேண்டாம் மக்கா” என்றார். ஏன் என்றேன். “நீ இன்னைக்குக் கட்டிப்போடுவ. நாளைக்கு எஞ்சின் பழுதானா, பிள்ளைக்குச் சுகமில்லாம ஆனா, ராத்திரி ரெண்டு மணிக்கு நான் யார் வாசல்ல போய்த் தட்ட? உங்க அண்ணன் கதவத் தெறப்பாரு. உன் பேங்க் தெறக்குமா?” என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. பெரியவர் ஏமாளியல்லர். தமக்கு என்ன நடக்கிறது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் நாள்தோறும் கொடுக்கும் கமிஷன் ஒரு கதவுக்கான விலை. மீன்பாடு இல்லாத மாதத்தில் அந்தக் கதவு திறக்கும் என்பதற்காக, மீன்பாடு உள்ள மாதத்தில் அவர் தம் உரிமையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நிலையான சம்பளம் வாங்கியவனும் ஓய்வூதியம் பெறுபவனுமான நான், விடுதலையின் அருமையைப் பற்றி அவருக்குப் பாடம் சொல்லப் போனேன். எனக்கு ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கதவு திறக்கிறது. அவருக்குக் கதவு திறக்கும் தேதி கிடையாது.

ஆழிப்பேரலைக்குப் பிந்திய ஆண்டுகள் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தன. உதவி நிறுவனங்கள் எங்கள் கரைக்குப் பல படகுகளை இலவசமாகக் கொடுத்தன. முன்பணம் இல்லாத படகுகள் கரையில் வரிசையாக நின்ற காலம் அது. இனி யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவரல்லர் என்று நாங்கள் மகிழ்ந்தோம். சில ஆண்டுகளில் வலைகள் கிழிந்தன, எஞ்சின்கள் தேய்ந்தன. பெரும்பாலோர் ஒருவர் பின் ஒருவராகப் பழைய வாசல்களுக்கே திரும்பினர். கொடை படகைத் தந்தது. அடுத்த மோசமான மாதத்துக்கு யார் துணை என்னும் கேள்விக்கு அது விடை தரவில்லை.

ஏழாம் ஆண்டின் எச்சரிக்கை

இணைச்சட்டம் என்னும் நூலின் பதினைந்தாம் அதிகாரத்தை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். ஏழாண்டுகளுக்கு ஒருமுறை கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று இஸ்ரயேலருக்கு விதிக்கப்பட்ட பகுதி அது. இவ்வளவு காலமும் அந்தத் தள்ளுபடியே என் கண்ணில் பட்டது. பெரியவரைச் சந்தித்த பிறகு மீண்டும் வாசித்தபோது, அடுத்த வசனங்கள் கண்ணில் பட்டன. ஏழாம் ஆண்டு நெருங்குகிறதே, கொடுத்தால் திரும்பாதே என்று எண்ணி ஏழைச் சகோதரனுக்குக் கடன் கொடுக்காமல் கையை மூடிக்கொள்ளாதே என்று அங்கே எச்சரிக்கை இருக்கிறது. தள்ளுபடி செய்தால் கதவு மூடும் என்பது அந்தப் பழங்காலத்துச் சட்டத்துக்கே தெரிந்திருந்தது. அதற்கடுத்த பகுதி இன்னும் நுட்பமானது. ஏழாம் ஆண்டில் அடிமையை விடுதலை செய்து அனுப்பும்போது வெறுங்கையோடு அனுப்பக்கூடாது; ஆட்டையும் தானியத்தையும் திராட்சை இரசத்தையும் தாராளமாகக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்கிறது. அந்த அடிமை போக மறுத்து, உம்மை விட்டுப் போகமாட்டேன் என்று சொல்லக்கூடும் என்பதைக்கூட அது எதிர்பார்த்திருக்கிறது.

கடனை அழிப்பது விடுதலையின் ஒரு பாதியே என்பதை அந்த அதிகாரம் எனக்குக் கற்பித்தது. கடன் எந்த அச்சத்தைத் தணித்துக்கொண்டிருந்ததோ, அந்த அச்சத்துக்கு வேறு துணை ஏற்படுத்தித் தருவது மறுபாதி. மறுபாதியைச் செய்யாமல் முதற்பாதியை மட்டும் செய்தால், அது கைவிடுதலாக முடியும். நான் பெரியவருக்குச் செய்ய முற்பட்டது ஏறக்குறைய அதுதான்.

அச்சத்தைப் பகிர்ந்துகொள்ளுதல்

அந்த மறுபாதியை நம் நாட்டில் சிலர் முன்பே சிந்தித்திருக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் ஃபிரடரிக் நிக்கல்சன் என்னும் ஆங்கில அதிகாரி, உழவர்களின் கடன் சுமையை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் இரண்டு பகுதிகளாக அறிக்கை தந்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் தொடங்கியது போன்ற சிற்றூர்க் கூட்டுறவுச் சங்கங்களே வழி என்று அவர் கண்டார். 1904-இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததற்கு அத்தகைய ஆய்வுகள் வழி வகுத்தன. அதே நிக்கல்சன்தான் பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கும் அடித்தளம் இட்டவர். எங்கள் குமரிக் கடற்கரை அன்று திருவிதாங்கூரில் இருந்ததால் அவருடைய பணி எங்களை நேரடியாக எட்டவில்லை. ஆயினும் கடனையும் கடலையும் ஒரே மனிதர் ஆராய்ந்தது எனக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

எங்களை எட்டியது வேறொரு முயற்சி. திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள மரியநாடு என்னும் கடற்கரை ஊரில், 1970-ஐ ஒட்டி மீனவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். கடன் கொடுப்பதோடு அது நிற்கவில்லை. கரையில் மீனை ஏலம் விடும் உரிமையைச் சங்கமே எடுத்துக்கொண்டது. அன்றன்று விற்ற தொகையில் ஒரு சிறு பகுதி கடனுக்கும், ஒரு சிறு பகுதி மீனவரின் சேமிப்புக்கும் பிடிக்கப்பட்டது. மீன் இருந்தால் கடன் கட்டலாம். மீன் இல்லாத நாளில் தவணையும் இல்லை. கடலின் போக்கை அறிந்தவர்கள் வகுத்த முறை அது. இத்தகைய சங்கங்கள் பெருகி, 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. குமரிக் கரையிலும் சங்கங்கள் தோன்றின.

இங்கே நடந்தது என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கமிஷன் ஒழிந்துவிடவில்லை, சங்கமும் தன் செலவுக்கு எடுக்கத்தான் செய்கிறது. ஆனால் கட்டுகிற ஒவ்வொரு நாளும் கடன் சிறிது குறைகிறது, ஒருநாள் தீர்கிறது. நள்ளிரவில் தட்டும் கதவு ஒரு தனி மனிதனுடையதாக இல்லாமல், தானும் உறுப்பினனாக உள்ள ஒன்றினுடையதாகிறது. மோசமான மாதத்தைப் பற்றிய அச்சம் நீங்குவதில்லை. ஆனால் அதைப் பலர் சேர்ந்து சுமக்கும்போது ஒருவனுடைய உரிமையை விலையாகக் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது.

சங்கங்களைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்வதும் நேர்மையன்று. தலைவர்களின் கவனக்குறைவால் நலிந்தவை உண்டு. நல்ல விலை கிடைக்கும் நாளில் சங்கத்தை விட்டுவிட்டு வெளியே விற்று, மோசமான மாதத்தில் மட்டும் சங்கத்தைத் தேடி வரும் உறுப்பினர்களும் உண்டு. பெரிய படகுகளுக்கும் நெடுநாள் தங்கல் மீன்பிடிப்புக்கும் வேண்டிய பெருந்தொகையைத் திரட்டுவது சிறிய சங்கங்களுக்கு எளிதன்று. எங்கள் ஊர்ச் சங்கமும் இந்தக் குறைகள் அனைத்தையும் கண்டதுதான். பெரியவரின் குடும்பம் ஒரு காலத்தில் அதில் உறுப்பினராக இருந்து வெளியேறியது. அவசரத்துக்குச் சங்கத்தில் பணம் இல்லை என்பதே அவர் சொன்ன காரணம்.

நம்முடைய பங்கு

அவசரத்துக்குச் சங்கத்தில் பணம் இல்லை. இந்தச் சிறு வாக்கியத்தில்தான் கடலுக்குப் போகாத நம்மைப் போன்றோரின் கடமை அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. எங்கள் பங்கில் ஆசிரியர்கள், செவிலியர்கள், அரசு ஊழியர்கள், வளைகுடா நாடுகளில் உழைப்பவர்கள் எனச் சேமிக்கக்கூடிய குடும்பங்கள் பல உள்ளன. நாம் அனைவரும் ஏதோ ஒரு வகையில் கரையின் பணத்தில் படித்து மேலே வந்தவர்கள். நம் சேமிப்பு தங்கமாகப் பெட்டியில் இருக்கிறது. அல்லது நகரத்து வங்கியில் இருந்து யாருடைய தொழிலுக்கோ முதலாகிறது. நம் தெருவில் எஞ்சின் பழுதான மனிதருக்கு மட்டும் அது எட்டுவதில்லை. திருவிழாக் காலத்தில் நாம் ஏழைகளுக்கு அரிசியும் துணியும் கொடுக்கிறோம். அது நல்ல செயலே. ஆனால் அரிசி கொடுத்த கை அன்று மாலையே மறந்துவிடலாம். சேமிப்பை வைத்தவன் மறக்க முடியாது. சங்கம் ஒழுங்காக நடக்கிறதா, கணக்குச் சரியாக இருக்கிறதா என்று அவன் கேட்டே தீர வேண்டும். அப்படிக் கேட்கும் அக்கறையே, பல வேளைகளில் பணத்தைவிட நம் சங்கங்களுக்குத் தேவையாக இருக்கிறது.

தமையனாரிடம் கட்ட எண்ணியிருந்த தொகையை எங்கள் ஊர்ச் சங்கத்தில் அவசரக் கடனுக்கென வைப்பாக வைத்தேன். இன்னும் நால்வர் சேர்ந்தனர். பெரிய தொகை அன்று. ஒரு நேரத்தில் இரண்டு எஞ்சின்களைப் பழுதுபார்க்கவே போதும். தமையனார் அதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு, “நல்லா நடந்தா எனக்கும் கொஞ்சம் பாரம் குறையும்” என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாரா, மெய்யாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவரின் மக்கள் இன்னும் அவருடைய பேரேட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய படகில் செல்லும் கூலிப் பங்காளி மட்டும் சென்ற ஆண்டு சங்கத்தில் சேர்ந்து, ஒரு சிறு வலைக்குக் கடன் வாங்கியிருக்கிறார்.

அந்தப் படிவம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கடன் என்னும் கட்டம் வெறுமையாகவே உள்ளது. அடுத்த கணக்கெடுப்பில் அந்தக் கட்டத்தோடு வேறு இரண்டு கேள்விகளையும் சேர்க்க வேண்டும் என்று பங்குப் பேரவையிடம் கேட்டிருக்கிறேன். உங்கள் உழைப்பின் பொருளுக்கு விலை சொல்வது யார்? நள்ளிரவில் உங்களுக்கு அவசரம் வந்தால் நீங்கள் தட்டும் கதவு யாருடையது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் ஒரே பெயர் விடையாக வரும் வீடுகள் எத்தனை என்று எண்ணினால், நம் பங்கின் வறுமையை நாம் ஓரளவேனும் அறிந்தவர்களாவோம்.